அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் முதுகலை: கல்லூரியைத் தேர்வது எப்படி

அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் முதுகலைப் பட்டம், இளங்கலை முடித்த கையோடு மேலே படிக்க வரும் இளைஞர்களுக்காகத் தோன்றியதல்ல. கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1953இல் இதைத் தொடங்கியபோது அதன் மனத்தில் இருந்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள். கோடை விடுமுறை அவர்கள் கையில் இருந்தது. அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் பலவற்றின் சம்பளப் படிநிலையில் முதுகலைப் பட்டத்துக்குத் தனி உயர்வும் உண்டு. அந்த உயர்வுக்காக ஆசிரியர்கள் பெரும்பாலும் கற்பித்தல் முறைகளைப் பற்றிய கல்வியியல் பட்டத்தையே நாடினார்கள். எப்படிக் கற்பிப்பது என்பதை விட்டுவிட்டு வரலாறு, தத்துவம், இலக்கியம், அறிவியல் ஆகியவற்றை அவர்களே மறுபடி படிக்கட்டும் என்பதுதான் வெஸ்லியன் கொண்டுவந்த மாற்றம்.

அடுத்து வந்தவை எல்லாமே இந்த அச்சை அப்படியே எடுத்துக்கொண்டுவிடவில்லை. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1962இல் தொடங்கிய பட்டம், பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வரும் நகரவாசிகளுக்கானது. செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1967இல், நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே வளாகத்தில், ஆசிரியர்களுக்கான கோடைப் படிப்பாகத் தன் முதுகலையைத் தொடங்கியது. டார்ட்மவுத் 1970இலும் ஸ்டான்ஃபோர்ட் 1991இலும் வந்து சேர்ந்தன. 1975இல் இவற்றுக்கென ஒரு சங்கமே ஏற்பட்டது. இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரே பெயரைத் தாங்கிய பட்டங்கள். ஆனால் ஒரே வகை மாணவரை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை அல்ல. வகுப்பு நடக்கும் நேரம், படிக்க ஆகும் ஆண்டுகள், ஆய்வேடு உண்டா இல்லையா, கட்டணத்தில் உதவி கிடைக்குமா, விசா கிடைக்குமா என்று விண்ணப்பதாரர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றின் பதில், அந்தப் படிப்பு முதலில் யாருக்காக அமைக்கப்பட்டது என்பதில் அடங்கியிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரும் தரவரிசையும் இந்த ஒரு பட்டத்தைப் பொறுத்தவரை மிகக் குறைவாகவே வழிகாட்டும். தரவரிசைப் பட்டியல்கள் ஆய்வு வெளியீட்டையும் முனைவர் பட்டத் துறைகளையும் எடைபோடுகின்றன. மாலை ஏழு மணிக்கு நடக்கும் வகுப்பு எப்படிப்பட்டது என்பது அவற்றின் கணக்கில் வருவதில்லை.

பட்டத்தின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். மாஸ்டர் ஆஃப் ஆர்ட்ஸ் இன் லிபரல் ஸ்டடீஸ், மாஸ்டர் ஆஃப் லிபரல் ஆர்ட்ஸ், மாஸ்டர் ஆஃப் லிபரல் ஸ்டடீஸ் ஆகியவற்றுக்கிடையே சட்டப்படியோ தரத்தின்படியோ வேறுபாடு கிடையாது. நிலத்தோற்றக் கட்டடக்கலைக்கான முதுகலையும் இவற்றில் ஒன்றின் அதே முதலெழுத்துகளைக் கொண்டிருப்பதால் தேடும்போது கொஞ்சம் கவனம் தேவை, அவ்வளவே. வேறுபாடு இருப்பது பாடத்திட்டத்தில்.

ஒரு முனையில் நிற்பது செயின்ட் ஜான்ஸ். இக்கல்லூரியின் வேர் 1696இல் மேரிலாந்தின் அனாபொலிஸில் தொடங்கிய கிங் வில்லியம்ஸ் பள்ளிக்குப் போகிறது. ஆனால் அதன் இன்றைய முகம் 1937இல் ஸ்காட் புக்கானனும் ஸ்ட்ரிங்ஃபெலோ பாரும் உருவாக்கியது. பாடநூல்களும் துறைப் பிரிவுகளும் நீங்கி, மூல நூல்களை எல்லோரும் ஒரே வரிசையில் வாசித்து விவாதிக்கும் முறை அப்போது வந்தது. முதுகலையும் அதே மரபில் அமைந்ததே. தத்துவமும் இறையியலும், அரசியலும் சமூகமும், இலக்கியம், கணிதமும் இயற்கை அறிவியலும், வரலாறு என்று ஐந்து பகுதிகள். பட்டத்துக்கு அவற்றில் நான்கை முடித்தால் போதும். ஒவ்வொரு பகுதியும் ஒரு பருவம். அந்தப் பருவத்தில் மூன்று வகை வகுப்புகள் நடக்கும்: பல நூல்களைக் கடந்து செல்லும் கருத்தரங்கு, சில பக்கங்களை நுணுகிப் பார்க்கும் பயிற்சி வகுப்பு, ஒரே நூலையோ ஒரே கேள்வியையோ பருவம் முழுக்கத் தொடரும் சிறு வகுப்பு. விரிவுரை கிடையாது. ஆசிரியர்கள் பேராசிரியர் என்று அழைக்கப்படுவதில்லை, அவர்கள் ட்யூட்டர்கள். யூக்ளிடை நடத்துபவர் அடுத்த ஆண்டு பிளேட்டோவை நடத்துவார். தனக்கு நிபுணத்துவம் இல்லாத நூலையும் மாணவரோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட எதிர்பார்ப்பு.

இதில் வலிமையும் எல்லையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஹோமரிலிருந்து தொடங்கி நவீன காலம் வரை முதன்மை நூல்களை நேருக்கு நேர் சந்திக்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல இடம் அமெரிக்காவில் கிடைப்பது அரிது. அந்த நூல்களைப் பற்றி கடந்த நாற்பது ஆண்டுகளில் ஆய்வாளர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், எந்தப் பதிப்பு நம்பகமானது, எந்த வாசிப்பு கைவிடப்பட்டது என்பவற்றைக் கற்க விரும்புபவருக்கு இது பொருந்தாது. இரண்டாம்நிலை நூல்களை வேண்டுமென்றே ஒதுக்கிவைப்பதுதான் அந்தக் கல்லூரியின் கொள்கை. சாண்டா ஃபே வளாகத்தில் கீழை நாட்டுச் செவ்வியல் நூல்களுக்கென்று தனி முதுகலையும் இருக்கிறது. இந்தியா, சீனா, ஜப்பான் ஆகிய மூன்று மரபுகளின் நூல்களோடு சமஸ்கிருதம் அல்லது செவ்வியல் சீனம் கற்பது அதன் பகுதி. உபநிடதங்களையும் மகாபாரதத்தையும் கன்ஃபூசியஸையும் ஒரே ஆண்டில் வாசிக்க வைக்கும் முதுகலை வேறெங்கும் எளிதில் கண்ணில் படாது.

மறுமுனையில் ஹார்வர்ட் எக்ஸ்டென்ஷன் பள்ளி. 1910இல் ஏ. லாரன்ஸ் லோவெல் ஹார்வர்டின் தலைவராக இருந்தபோது, பாஸ்டன் நகர மக்களுக்காகத் தொடங்கிய பிரிவு இது. இங்கே லிபரல் ஆர்ட்ஸ் முதுகலை என்பது பட்டத்தின் பொதுப்பெயர் மட்டுமே; மாணவர் வரலாறு, ஆங்கிலம், மானுடவியல் என்று ஒரு துறையைத் தேர்ந்து அதற்குள் பன்னிரண்டு பாடங்களை முடிக்கிறார். சேர்க்கை முறையும் தலைகீழ். முதலில் குறிப்பிட்ட சில பாடங்களைக் கட்டணம் கட்டிப் படித்து, பி அல்லது அதற்கு மேலான தரம் பெற்றுக் காட்ட வேண்டும். அதன் பிறகே பட்டத்துக்கான சேர்க்கை. பழைய மதிப்பெண் சான்றிதழ் சுமாராக இருப்பவருக்கு இது பெரிய நியாயம். பணத்தைக் கட்டிய பிறகே தகுதி தெரியவரும் என்பது அதன் மறுபக்கம். பட்டச் சான்றிதழில் எக்ஸ்டென்ஷன் ஸ்டடீஸ் என்ற சொற்கள் இடம்பெறும். அது ஹார்வர்ட் பட்டமா என்ற சர்ச்சை பல ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. ஹார்வர்ட் வழங்கும் பட்டம் என்பதில் ஐயமில்லை. ஹார்வர்டின் கலை அறிவியல் முதுகலைப் பள்ளி வழங்கும் பட்டம் அது அல்ல என்பதும் அதே அளவு உண்மை. தன்விவரக் குறிப்பில் இரண்டையும் தெளிவாக எழுத மனம் ஒப்பாதவர் அங்கே சேராமல் இருப்பது நல்லது.

இவ்விரண்டுக்கும் நடுவில் பல வடிவங்கள் உண்டு. ஸ்டான்ஃபோர்டின் படிப்பு முழுக்கப் பகுதிநேரம், மாலை வகுப்பு. முதல் ஆண்டில் எல்லோரும் சேர்ந்து பண்டைக் காலம் தொட்டு நவீன காலம் வரையிலான ஒரு பொது அடிப்படைத் தொடரைப் படிக்கிறார்கள். பிறகு விருப்பக் கருத்தரங்குகள், கடைசியில் ஆய்வேடு. முடிக்க நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கும். டார்ட்மவுத் முழுநேர மாணவர்களையும் சேர்க்கிறது. படைப்பெழுத்து, பண்பாட்டு ஆய்வுகள், உலகமயமாதல், பொது லிபரல் ஸ்டடீஸ் என்று நான்கு தடங்கள் அங்கே உண்டு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மையம் அரசு நிறுவனம் என்பதால் அந்த மாநிலத்தில் குடியிருப்பவருக்குக் கட்டணம் தனியார் கல்லூரிகளைவிட வெகுவாகக் குறையும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டு வேறு பட்டங்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வேலை பார்ப்பவர்களுக்கான மாஸ்டர் ஆஃப் லிபரல் ஆர்ட்ஸ். 1946 முதல் அங்கே நடந்துவரும் பெரியோருக்கான நூல் வாசிப்பு வகுப்புகளின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றொன்று, மானுடப் புலங்களில் (ஹ்யூமானிட்டீஸ்) ஓராண்டு முழுநேர முதுகலை. அதன் மாணவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள், முனைவர் பட்ட மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தயாராவதே அவர்களில் பலரின் நோக்கம். ஒரே வளாகத்தில், ஏறத்தாழ ஒரே நூல்களைக் கொண்டு, இரண்டு வேறு வாழ்க்கைக் கட்டங்களுக்கான படிப்புகள் இவை.

பாடத்திட்டத்துக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது கற்பிப்பவர் யார் என்பது. பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் புகழ்பெற்ற பேராசிரியர்களின் பெயர்கள் இருக்கும். அவர்கள் இந்தப் படிப்பில் கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு பாடமாவது நடத்தியிருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. லிபரல் ஆர்ட்ஸ் முதுகலைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாக ஆசிரியர் பட்டாளம் கிடையாது. மற்றத் துறைகளிலிருந்து பேராசிரியர்களை ஒரு பருவத்துக்குக் கடன் வாங்கியும், ஒப்பந்த ஆசிரியர்களை அமர்த்தியும் நடத்துகிறார்கள். ஒப்பந்த ஆசிரியர் என்றால் மோசம் என்று பொருளில்லை. மாலை வகுப்பில் மிகச் சிறந்த ஆசிரியராக அவரே இருக்கக்கூடும். சிக்கல் ஆய்வேட்டில்தான் வெளிப்படும். துறையின் நிரந்தரப் பேராசிரியருக்குத் தன் சொந்த முனைவர் மாணவர்கள் இருப்பார்கள்; கடன் வாங்கிய படிப்பின் மாணவருக்கு ஓராண்டு வழிகாட்டுவது அவர் கடமைப் பட்டியலில் பல இடங்களில் சேராது. ஆய்வேடு கட்டாயமா, வழிகாட்டியைப் படிப்பு நிர்வாகம் ஏற்பாடு செய்கிறதா, மாணவரே கதவைத் தட்டித் தேட வேண்டுமா, முடிந்த ஆய்வேடுகளைப் பார்க்க முடியுமா என்பவை விண்ணப்பத்துக்கு முன்பே கேட்கத் தக்கவை. முந்தைய ஆய்வேடுகளில் மூன்றை வாசித்தால் ஒரு படிப்பின் உண்மையான தரம் எந்தக் கையேட்டையும்விடத் தெளிவாகத் தெரிந்துவிடும். பல பல்கலைக்கழக நூலகங்கள் அவற்றைப் பொதுவில் வைத்திருக்கின்றன.

பட்டம் எந்தக் கதவைத் திறக்கும் என்பதில் விளம்பரக் கையேடுகள் பொதுவாக மங்கலாகப் பேசும். பள்ளி ஆசிரியருக்கு இது தொடக்கத்திலிருந்தே பயன்பட்ட பட்டம். ஆனால் சம்பள உயர்வுக்கு எந்தப் பாடத்தில் பெற்ற முதுகலை செல்லும் என்பதை அந்தந்த மாவட்டமோ மாநிலமோ தீர்மானிப்பதால் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டாண்டுக் கல்லூரிகளில் கற்பிக்க விரும்புபவர் இன்னொரு விதியை அறிந்திருக்க வேண்டும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கல்லூரிகளை அங்கீகரிக்கும் அமைப்பின் வழிகாட்டுதல், இளங்கலைப் பொதுப் பாடங்களை நடத்துபவருக்கு அந்தப் பாடத்தில் முதுகலை, அல்லது முதுகலையோடு அந்தப் பாடத்தில் குறைந்தது 18 கிரெடிட் பட்டமேற்படிப்பு இருக்க வேண்டும் என்கிறது. நாட்டின் மற்றப் பகுதிகளிலும் பல கல்லூரிகள் இதே 18ஐ அளவுகோலாக வைத்திருக்கின்றன. லிபரல் ஆர்ட்ஸ் முதுகலை பொதுவாக 30 முதல் 36 கிரெடிட் வரை. அதில் தத்துவம் ஆறு, இலக்கியம் ஒன்பது, வரலாறு ஆறு, கலை ஆறு என்று பரந்து படித்தவர் எந்தப் பாடத்திலும் 18ஐத் தொடமாட்டார். பட்டத்தின் அழகே பரப்புதான். அந்தப் பரப்பே வேலைக்கு இடையூறாகிவிடுகிறது. கற்பிக்கும் எண்ணம் இருப்பவர், ஒரே துறையில் ஆறு பாடங்களைக் குவிக்க இடம் தரும் படிப்பைத் தேட வேண்டும். சான்றிதழில் அந்தப் பாடங்கள் எந்தத் துறையின் குறியீட்டில் பதிவாகும் என்பதையும் கேட்க வேண்டும். லிபரல் ஸ்டடீஸ் என்ற குறியீட்டில் பதிவான ஷேக்ஸ்பியர் வகுப்பை ஆங்கிலத் துறைப் பாடமாகக் காட்ட, பிறகு பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லூரியிடமும் வாதாட வேண்டியிருக்கும்.

முனைவர் படிப்பை நோக்கியவருக்கு நிலைமை வேறு. அமெரிக்க முனைவர் படிப்புகள் பல, இளங்கலையிலிருந்தே நேரடியாகச் சேர்ப்பவை. சேர்பவருக்குக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைப்பது வழக்கம். முதுகலை மாணவரோ பெரும்பாலும் முழுக் கட்டணம் கட்டுபவர். இளங்கலையில் படித்த துறையை மாற்றிக்கொள்ள விரும்புபவர், மொழிப் பயிற்சி போதாதவர், நல்ல எழுத்து மாதிரியும் பரிந்துரைக் கடிதங்களும் இல்லாதவர் ஆகியோருக்கு சிகாகோ வகை முழுநேர முதுகலை பொருளுள்ளது. மற்றவர்கள் முதுகலையே தேவையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மாலை நேர லிபரல் ஆர்ட்ஸ் பட்டத்தை வைத்துக்கொண்டு முனைவர் சேர்க்கை பெற்றவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பாதைக்காக அந்தப் பட்டம் வகுக்கப்படவில்லை.

பணத்தைப் பற்றிய கணக்கு 2026இல் மாறுகிறது. அதுவரை முதுகலை மாணவர், படிப்புச் செலவு முழுவதற்கும் கிராட் பிளஸ் என்னும் மத்திய அரசுக் கடனை வாங்க முடிந்தது. 2025இல் நிறைவேறிய சட்டம் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அதை நிறுத்திவிட்டது. இனி பொது முதுகலை மாணவருக்கு ஆண்டுக்கு 20,500 டாலரும், மொத்தம் ஒரு லட்சம் டாலரும் மத்தியக் கடனின் உச்சவரம்பு. தொழிற்படிப்புகளுக்கு இதைவிட உயர்ந்த வரம்பு உண்டு. லிபரல் ஆர்ட்ஸ் அந்தப் பிரிவில் சேராது. ஆக, முழுநேரத் தனியார் படிப்பின் செலவில் கணிசமான பகுதியைக் கையிலிருந்தோ தனியார் வங்கியிடமிருந்தோ கொண்டுவர வேண்டும். பகுதிநேர மாணவருக்கு இன்னொரு சிக்கல்: மத்தியக் கடனுக்குக் குறைந்தது அரைநேர மாணவராகப் பதிந்திருக்க வேண்டும். பருவத்துக்கு ஒரே பாடம் படிப்பவர் பல இடங்களில் அந்த வரம்புக்குக் கீழே விழுகிறார். அவருக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் வேலை தரும் நிறுவனம்தான். நிறுவனம் ஊழியரின் படிப்புக்குத் தரும் தொகையில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரி இல்லை என்ற விதி நீண்டகாலமாக இருந்துவருகிறது. மாலை நேரப் படிப்புகள் நான்கைந்து ஆண்டுகளாக நீள்வதற்கு இந்தத் தொகையும் ஒரு காரணம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு பாடமாக நிறுவனப் பணத்திலேயே முடித்துவிடுபவர்கள் ஏராளம். கட்டணத்தை ஒப்பிடும்போது ஒரு கிரெடிட்டுக்கு எவ்வளவு என்பதோடு, பட்டத்துக்கு எத்தனை கிரெடிட், ஆய்வேட்டுக் காலத்தில் தொடர்பதிவுக் கட்டணம் உண்டா என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அங்கீகாரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் கல்வித் துறை ஏற்ற அமைப்பு ஒன்றின் அங்கீகாரம் கல்லூரிக்கு இருந்தால் போதும். லிபரல் ஆர்ட்ஸ் முதுகலைக்கெனத் தனி அங்கீகாரம் எதுவும் கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாக விளம்பரம் செய்யும் நிறுவனத்தைச் சந்தேகிக்கலாம்.

வெளிநாட்டு மாணவருக்கு மேலே சொன்ன பட்டியலில் பாதி கதவுகள் தாமாகவே மூடிவிடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு முழுநேரப் படிப்பு கட்டாயம். முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஓர் இணையவழிப் பாடம் மட்டுமே சேரும். எனவே ஸ்டான்ஃபோர்டின் பகுதிநேர மாலைப் படிப்பும் ஹார்வர்ட் எக்ஸ்டென்ஷனின் பெரும்பாலும் இணையவழியான படிப்பும் விசாவுக்கு அடிப்படையாக முடியாது. சென்னையிலோ மதுரையிலோ இருந்து விண்ணப்பிப்பவர் டார்ட்மவுத், சிகாகோவின் ஓராண்டுப் படிப்பு, செயின்ட் ஜான்ஸின் வளாகப் படிப்பு போன்ற முழுநேர இடங்களையே பார்க்க வேண்டியிருக்கும். படிப்புக்குப் பின் அமெரிக்காவில் வேலை பார்க்கும் பயிற்சிக் காலம் பன்னிரண்டு மாதம். அறிவியல், தொழில்நுட்ப மாணவர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு லிபரல் ஸ்டடீஸ் வகைப்பாட்டுக்கு இல்லை. வாங்கிய கடனை ஓராண்டு அமெரிக்கச் சம்பளத்தில் அடைத்துவிடலாம் என்ற கணக்கு இங்கேதான் உடைகிறது. திரும்பி வந்து இந்தியக் கல்லூரிகளில் கற்பிக்க நினைப்பவர் முன் வேறொரு தடை நிற்கிறது. உதவிப் பேராசிரியர் பணிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு கேட்பது, உரிய அல்லது அதனோடு தொடர்புடைய பாடத்தில் குறைந்தது 55 விழுக்காட்டோடு முதுகலையும் தேசியத் தகுதித் தேர்வும். பல துறைகளில் பரந்த பட்டம் எந்தப் பாடத்தின் கீழ் வரும் என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் 18 கிரெடிட் சிக்கலும் இதுவும் ஒரே வகைதான். இந்தியாவிலேயே இவ்வகைக் கல்வியை நாடுபவருக்கு, 2011இல் தொடங்கிய யங் இந்தியா ஃபெல்லோஷிப் பரவலாக அறியப்பட்ட இடம். அசோகா பல்கலைக்கழகம் நடத்தும் அந்த ஓராண்டுப் படிப்பு பட்டமேற்படிப்புப் பட்டயத்தில் முடிகிறது.

விண்ணப்பத்தில் கணிதத்துக்கும் மொழிக்குமான ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைப் பெரும்பாலான லிபரல் ஆர்ட்ஸ் படிப்புகள் கேட்பதில்லை. எடை போடப்படுவது எழுத்துதான்: நோக்கக் கட்டுரை ஒன்று, பல இடங்களில் பகுப்பாய்வுக் கட்டுரை மாதிரி ஒன்று, சில இடங்களில் நேர்காணல். பட்டமேற்படிப்புக் கல்லூரிகளின் மன்றம் வகுத்த உடன்பாட்டின்படி, நிதியுதவியோடு வரும் சேர்க்கை அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லும் கட்டாயம் மாணவருக்கு இல்லை. நிதியுதவி இல்லாத முதுகலைச் சேர்க்கைக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. முன்பணத்துக்குக் கல்லூரி சொல்லும் நாளே கெடு. நோக்கக் கட்டுரையைப் படிப்பின் அமைப்பறிந்து எழுத வேண்டும். செயின்ட் ஜான்ஸுக்கு எழுதுபவர் எந்த நூல்களோடு மல்லுக்கட்ட விரும்புகிறார் என்பதைச் சொன்னால் போதும். ஆய்வேடு கேட்கும் படிப்புக்கு எழுதுபவர் ஒரு கேள்வியோடு வர வேண்டும், அந்தக் கேள்விக்கு வழிகாட்டக்கூடிய ஆசிரியர் அங்கே இருக்கிறாரா என்று பார்த்திருக்கவும் வேண்டும்.

கடைசியாக, படிப்பின் ஆயுள். லிபரல் ஆர்ட்ஸ் முதுகலைகள் பொதுவாகச் சிறியவை, மாணவர் கட்டும் கட்டணத்தை நம்பி நிற்பவை. பல்கலைக்கழகத்தில் பற்றாக்குறை வந்தால் சொந்த ஆசிரியர்களும் சொந்தத் துறையும் இல்லாத படிப்புக்காக வாதாட ஆள் குறைவு. ஐந்து ஆண்டுகள் நீளும் பகுதிநேரப் படிப்பில் சேர்பவருக்கு இது வெறும் பொதுக் கவலை அல்ல. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் சேர்கிறார்கள், இந்தப் பருவத்தில் அறிவித்த வகுப்புகளில் எத்தனை ஆள் போதாமல் ரத்தாயின, பட்டத்தை முடிப்பவர் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விகளுக்கு நிர்வாகம் எண்களோடு பதில் சொன்னால் பாதி பயம் தீரும். படிப்பை மூடும் கல்லூரி, சேர்ந்திருப்பவர்கள் பட்டம் பெற வழி செய்யும் திட்டத்தை அங்கீகார அமைப்பிடம் தர வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தத் திட்டம் எஞ்சிய பாடங்களைக் கிடைத்த வகுப்புகளைக் கொண்டு நிரப்புவதாகவே பெரும்பாலும் அமையும். சேரும்போது தேர்ந்த பாடத்திட்டத்தை அது காப்பாற்றித் தராது.